கேபிளா, சந்தாவா? ஒரு பத்திர எழுத்தரின் கணக்கு

ஆவணி மழையில் விழுந்த இடி எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸைக் கொண்டுபோய்விட்டது. புதிது மாட்ட 1,500 ரூபாய் ஆகும், மாதக் கட்டணம் தனி என்றார் கேபிள்காரர். விடுமுறைக்கு வந்திருந்த மகள் இதற்காகவே காத்திருந்தவள் போல, “கேபிளை இத்தோடு நிறுத்திவிடலாம் அம்மா, அந்தப் பணத்தில் ஓடிடி சந்தா எடுக்கலாம்” என்றாள். என் கணவருக்குச் செய்தி மட்டும் வந்தால் போதும், அது கைப்பேசியிலேயே வருகிறது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்வார். வேண்டும் என்றால் கேட்க மாட்டார்.

எனவே முடிவு என் தலையில் விழுந்தது. மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டுக்கொண்டு, மகளின் கல்லூரித் தோழி தந்த கடவுச்சொல்லிலும் பக்கத்து வீட்டுக் கூடத்திலுமாக எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தோம். நீள் தொடர், கொரியத் தொடர், தமிழ் வலைத் தொடர், யூடியூபில் கிடைக்கும் பழைய தொடர் ஆகிய நான்கும்தான் போட்டியில் இருந்தன. இந்தியிலிருந்து குரல் மாற்றி வருபவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். தமிழில் ‘மூன்று முடிச்சு’ என்று வந்த தொடரின் இந்தி மூலத்தில், 2016-இல், கதாநாயகி ஈயாக மாறிப் பறந்தாள். அதன் பிறகு அந்தப் பக்கம் நான் போவதில்லை.

நான் மன்னார்குடியில் 22 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். அதனால் தொடர் பார்க்கும்போது எனக்கென்று ஒரு தனி நோய் உண்டு. மற்றவர்கள் யார் யாரை அடித்தார்கள் என்று பார்ப்பார்கள், நான் எதில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பார்ப்பேன். நீள் தொடர்களில் வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், மறுநாள் அரண்மனை போன்ற வீடு வில்லனின் பெயருக்கு வந்துவிடுகிறது. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியேறுகிறாள்.

எங்கள் ஊரில் ஒரு குழி மனை கைமாறுவதற்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? மூலப்பத்திரம் வேண்டும், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு கட்ட வேண்டும். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு சாட்சிகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். எழுதிக்கொடுப்பவரைப் புகைப்படம் எடுத்து, கைரேகை பதிந்து, “நீங்கள்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா, பணம் முழுவதும் வந்துவிட்டதா” என்று சார்பதிவாளர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். எழுந்து வர முடியாத நோயாளியாக இருந்தால் அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தூங்குகிற கிழவியின் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி ஊரை வளைத்துப் போடும் வில்லனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துத்தான் ஆரம்பித்தேன். நம்பும்படி இருப்பது எதுவோ அது வீட்டில் இருக்கட்டும், மற்றது போகட்டும் என்பது என் எண்ணம். இப்படி நினைத்தால் நீள் தொடர் முதல் சுற்றிலேயே தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் பட்டம்மாள் என்ற அப்பத்தாவின் 40 விழுக்காட்டுப் பங்கைச் சுற்றி மாதக்கணக்கில் கதை ஓடியது. அதைப் பிடுங்க வில்லன் ஆதி குணசேகரன் போட்ட திட்டங்களில் பாதி, எங்கள் அலுவலக வாசலைக்கூடத் தாண்டாது. பார்க்கும்போது நான் சலித்துக்கொண்டேன். ஆனால் அதே மாதங்களில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பெண்களின் பேச்சு மாறியது. அறுபது வயதுக்காரர் ஒருவர் அண்ணன் வீட்டுப் பத்திர நகலைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து, “எனக்கும் அந்த அப்பத்தா மாதிரி ஏதாவது பாகம் இருக்குமா?” என்று கேட்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அப்போது இடமில்லை. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் அந்த வேலி நீங்கியது. இத்தனை ஆண்டுகளாக நானும் என் அப்பாவும் வாயால் சொல்லிப் புரியாத ‘பிரிபடாத பாகம்’ என்ற சொல்லை, தப்பும் தவறுமான ஒரு கதை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பத்திரம் பொய், பங்கு வேண்டும் என்ற ஏக்கம் மெய். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றும் அந்தத் தொடரில்தான் கண்டேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் உடல்நலம் குன்றி இறந்துபோனார். ஒன்றரை வருடமாக “இவன் நாசமாய்ப் போக” என்று அத்தை தினமும் சபித்த ஆள் அவர். அன்று மாலை அத்தை டிவியைப் போடவே இல்லை. “நல்ல மனுஷன், என்னிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டான்” என்றார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தபோது, ஊரில் புதிதாகக் குடிவந்தவரைப் பார்ப்பது போல ஒரு வாரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மெல்லச் சபிக்க ஆரம்பித்தார்.

நீள் தொடரில் நடப்பவை பொய். ஆனால் அதில் ஓடும் காலம் நம்முடையது. நம் வீட்டில் தீபாவளி என்றால் அங்கும் தீபாவளி, இங்கே பொங்கல் பானை ஏறும் வாரத்தில் அங்கும் ஏறும். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியது. விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 24 நிமிடம் என்று வைத்தால் 600 மணி நேரம். அதன் நாயகி அபியின் கதை தொடங்கியபோது என் மகள் பிறக்கவில்லை, முடிந்தபோது அவளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தாகிவிட்டது. அத்தனை நாள் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியை ‘கதாபாத்திரம்’ என்று சொல்லி ஒதுக்க முடிவதில்லை.

அத்தை தொடர் ‘பார்ப்பதில்லை’ என்பதையும் இந்த ஒரு மாதத்தில்தான் கவனித்தேன். கொல்லையில் பறித்த முல்லையை முறத்தில் கொட்டி, நனைத்த வாழைநாரை இடது கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, டிவிக்குப் பக்கவாட்டில் உட்காருவார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் முழுவதும் பூவில். இசை மாறும்போது மட்டும் தலை நிமிரும். வசனத்தை மூன்று முறை சொல்வதும், ஒரே செய்தியை மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வரிசையாக முகம் காட்டி அதிர்வதும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தட்டிலிருந்த மாத்திரை தரையில் விழுந்து, மருமகள் திரும்பிப் பார்ப்பதற்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் அத்தை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பூத் தொடுத்துவிட்டு, நிமிர்ந்து, “விழுந்துவிட்டதா?” என்று கேட்டார். கை வேலையாக இருக்கும் பெண்கள் காதால் கேட்பதற்காகச் செய்த பண்டம் இது. கண்ணால் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் வலிக்கிறது.

அடுத்தது மகளின் கட்சி. அவள் முதலில் போட்டது ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’, 16 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். தென் கொரியக் கோடீஸ்வரி ஒருத்தி பாராகிளைடரில் பறக்கிறாள், சூறாவளி தூக்கிக்கொண்டுபோய் வட கொரியாவில், ஒரு ராணுவ அதிகாரி நிற்கும் மரத்தடியில் போடுகிறது. “இதை நம்புவாய், வெற்றுத்தாளை நம்ப மாட்டாயா?” என்று மகளைச் சீண்டினேன். “அம்மா, முதல் பொய் ஒன்றுதான், அதற்குப் பிறகு பார்” என்றாள். அவள் சொன்னது சரி. மின்சாரம் போய்ப் போய் வரும் கிராமம், அண்டை வீட்டுப் பெண்கள் கூடிக் காய்கறி ஊறப்போடுவது, குளிர்பதனப் பெட்டி இல்லாமல் மண்ணுக்குள் புதைத்து வைக்கும் ஜாடி, திடீரென வீடு புகுந்து சோதனை போடும் படை என்று எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. எழுதிய குழுவில் வட கொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவரும் இருந்திருக்கிறார். ஆரம்பத்தில் ஒரே ஒரு பெரும்பொய்யைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியை ஒழுங்காக நடத்துவது இவர்கள் வழி. நம்மவர்கள் தினம் ஒரு சின்னப் பொய்யாகக் கடன் வாங்குகிறார்கள், வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

எல்லாக் கொரியத் தொடரும் இப்படி என்று மகள் சாதிப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நிறுவன முதலாளியின் மகன் கடைநிலை ஊழியையைக் காதலிப்பது, விபத்தில் நினைவு தப்புவது, சின்ன வயதில் ஒரு தடவை சந்தித்தவர்களாகவே இருவரும் இருந்து தொலைப்பது எல்லாம் அங்கும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. நம் நீள் தொடரை வெட்கப்பட வைக்கும் அளவுக்குப் பழிவாங்கலும் பிறப்பு ரகசியமுமாக ஓடும் தொடர்களுக்கு அவர்கள் ‘மக்ஜாங்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு அழகாக இருப்பதால் மகளுக்கு அது தெரிவதில்லை.

ஆனால் ‘ரிப்ளை 1988’ பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை. சோல் ஒலிம்பிக் நடந்த ஆண்டில், ஒரே சந்தில் வசிக்கும் ஐந்து குடும்பங்களின் கதை. அதில் ஒரு வீட்டின் இரண்டாவது மகள் தொக்சன், ஒலிம்பிக் அணிவகுப்பில் மடகாஸ்கரின் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகப் பல மாதம் பயிற்சி எடுக்கிறாள். கடைசி நேரத்தில் அந்த நாடு வரவில்லை என்று தெரிகிறது. மடகாஸ்கர் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது சரித்திரம். அதை எடுத்து ஒரு நடுப்பிள்ளையின் ஏமாற்றமாக மாற்றியிருக்கிறார்களே, அதுதான் எழுத்து. அக்காவின் பிறந்தநாள் கேக்கிலேயே மெழுகுவத்தியை மாற்றி இவளுக்கும் ஊதச் சொல்வார்கள். அவள் அழுதபோது நடுப்பிள்ளையான நானும் அழுதேன், மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாட்டு வேளைக்கு முன் அந்தச் சந்தின் பிள்ளைகள் ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து வேறொரு பண்டத்தோடு திரும்புவதுமாக ஒரு காட்சி வரும். அத்தை அதுவரை பாதித் தூக்கத்தில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். “கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறதே” என்றார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலம். மகள் ஒவ்வொரு வரியாக, “அப்பாயி, இப்போது அவன் அம்மா கோபித்துக்கொள்கிறாள்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நாளும் அப்படித்தான் ஓடியது, எனக்கு அதில் பாதி அழகு அவள் குரலுக்காகவே வந்தது. ஆனால் முறத்தில் பூ வாடிக் கிடந்தது. கண்ணை எடுக்க முடியாத கதையில் கைக்கு வேலை இல்லை. மகள் கோயம்புத்தூர் விடுதிக்குத் திரும்பிய பிறகு யார் படித்துச் சொல்வது? நான் இரவு எட்டரை மணிக்கு மேல் ஆங்கிலம் வாசிக்கிற நிலையில் வீட்டுக்கு வருவதில்லை.

மூன்றாவதாகத் தமிழ் வலைத் தொடர். என் அளவுகோலுக்கு மிகச் சரியாகப் பொருந்தியது இதுதான். 2022-இல் வந்த ‘விலங்கு’ ஏழு பகுதி. வேம்பூர் காவல் நிலையத்தில் பிணம் ஒரு பக்கம், பிரசவத்துக்குக் காத்திருக்கும் மனைவியின் தொலைபேசி ஒரு பக்கம் என்று உதவி ஆய்வாளர் அல்லாடுவதைப் பார்த்து, காவல் துறையில் இருபது வருடம் ஓட்டிய என் கொழுந்தனார், “இது நிலையம்” என்று ஒற்றை வார்த்தையில் சான்று கொடுத்தார். அதே ஆண்டில் வந்த ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவை நாள் நாளாகக் கதையோடு முடிந்து வைத்திருந்த விதமும் பிடித்தது. ஆனால் இவை இரண்டையும் அத்தையோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ரத்தமும் வசவும் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருக்கிறது.

‘அயலி’யை மட்டும் சேர்ந்து பார்த்தோம். 2023-இல் வந்தது, எட்டு பகுதி. 1990-இல் புதுக்கோட்டைப் பக்கத்தில் வீரப்பண்ணை என்ற ஊர். வயதுக்கு வந்தால் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவார்கள் என்பதால், தமிழ்ச்செல்வி என்ற பெண் தான் பெரியவளானதையே மறைத்துவிடுகிறாள். கதை நடக்கும் காலத்தில் எனக்கு வயது பதின்மூன்று. எனக்கும் கொல்லையில் பச்சை ஓலை கட்டினார்கள், பதினாறு நாள் தனித் தட்டு, தனிப் பாய். எனக்குப் பள்ளி நிற்கவில்லை, அப்பாவுக்குப் பத்திரத்தில் எழுதக் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்தப் பெண் துணியை ஒளித்துவைக்க இடம் தேடும்போது யாரும் வசனம் பேசவில்லை, பின்னால் இடி இடிக்கவில்லை. கடைசிப் பகுதி கொஞ்சம் மேடையேறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அத்தைக்கு அதுவும் பிடித்திருந்தது. முடிந்ததும் நாரை உருவிப் போட்டுவிட்டு, “என்னை ஆறாவதில் நிறுத்தினார்கள். கணக்கில் நான்தான் முதல்” என்றார். இருபத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்படியானால் சந்தாதானே சரி என்று மகள் கேட்டாள். எனக்கும் அன்றிரவு அப்படித்தான் பட்டது. ஆனால் மறுநாள் எட்டரை மணிக்கு அத்தை முறத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து, போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருண்ட திரையைப் பார்த்தார். நான்கு மணி நேரச் சரக்கு முடிந்துவிட்டது. அதைப் போல இன்னொன்று தேடினோம், கொலையாகவே வந்தது. உண்மைக்கு வெகு அருகில் வரும் கதை, விருந்தாளி போல ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடுகிறது.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காசில்லாமல் கிடைப்பது. 1997-இல் நாகா இயக்கத்தில் வந்த ‘விடாது கருப்பு’ இன்றும் நடுமுதுகில் சில்லென்று ஏறுகிறது, வாரம் ஒரு பகுதி என்று காத்திருந்து பார்த்த பயம் மட்டும் இப்போது இல்லை. 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’யை நான் தனியாக மதிக்கிறேன். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த சிதம்பரம் என்ற அப்பாவுக்கு வரும் துன்பத்தில் பாதி, நான் வாரம் தவறாமல் கேட்பதுதான். மகள் வீட்டுக்குச் செய்ய வேண்டியது, அதற்கு யாரிடம் கைமாற்று வாங்குவது, சம்பந்தி வாயை எப்படி அடைப்பது. அங்கே விஷம் வைக்க ஆள் தேவைப்படவில்லை, மாமியாரின் நாக்கே போதுமாக இருந்தது. நீள் தொடருக்கும் நடப்புக்கும் ஒரு காலத்தில் நல்ல பேச்சுவார்த்தை இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் முடிவு தெரிந்த கதையை அத்தை கேட்க மாட்டார். “லீலா என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியுமே, அதை எதற்குத் திரும்பக் கேட்பது” என்கிறார். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தால்தான் அவருக்கு இன்றைக்கு உட்காரத் தோன்றுகிறது.

கடைசியில் நான் எழுதிய ஒப்பந்தம் இது. புதிய செட்டாப் பாக்ஸ் வாங்கியாயிற்று, மிகக் குறைந்த கட்டணத் தொகுப்போடு. எட்டரையிலிருந்து ஒன்பது வரை ஒரே ஒரு தொடர், எது என்பது அத்தையின் தேர்வு, அதற்கு மேல் அணைத்துவிட வேண்டும். வருடச் சந்தா கிடையாது. மகள் ஊருக்கு வரும் மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா, அந்த நாட்களில் மொழிபெயர்ப்பாளர் கூலி அவளுக்கு ஐஸ்கிரீம். கணக்குப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வருடச் சந்தாவைவிடக் கூடுதல்தான். மகள் அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். அவள் கணக்கில் தவறில்லை. ஆனாலும் நான் மாற்றவில்லை. விடுதிக்குக் கிளம்பும்போது “நீ தோற்றுவிட்டாய் அம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

புதுப் பெட்டி மாட்டிய அன்றே தொடரில் பெரியவரின் படுக்கைக்கு அருகே வில்லன் ஒரு தாளோடு வந்து நின்றான். பேனாவை அவர் விரல்களுக்கு நடுவே செருகினான். மருமகள் கதவருகே வாயைப் பொத்திக்கொண்டாள். இசை ஏறியது. நான் வழக்கம்போல “அட கடவுளே” என்று முனகினேன். அத்தை நிமிரவில்லை. இரண்டு பூவைச் சேர்த்துப் பிடித்தபடி, “முத்திரைத்தாளா, வெள்ளைத்தாளா?” என்று கேட்டார்.

“வெள்ளைத்தாள்தான் அத்தை.”

“சாட்சி?”

“யாரும் இல்லை.”

“அப்படியென்றால் செல்லாது” என்று நாரை இழுத்து முடிச்சிட்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “ஆனாலும் அவள் அழத்தான் செய்வாள், பாவம். அவளுக்கு யார் போய்ச் சொல்வது” என்றார்.